காரணம் யாருக்கு? புது வேலையை விட்டு மலையிறங்குமுன்

பழனி மலையில் வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஏப்ரல், மே சீசனை நம்பியிருக்கும் கொடைக்கானல் விடுதிகளும் உணவகங்களும் அதற்கு முன்பே ஆள் தேடத் தொடங்கிவிடுகின்றன. பள்ளிகள் ஜூனுக்குள் ஆசிரியர்களை எடுத்துக்கொள்கின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வேண்டும். ஆனால் சேர்ந்த வேலை ஒத்துவராமல் போவதற்கு எந்த நாட்காட்டியும் கிடையாது. கீழே மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ மேலே வந்து, விடுதியின் வரவேற்பு மேசையிலோ உறைவிடப் பள்ளியிலோ எஸ்டேட்டில் ரைட்டராகவோ சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். பேசிய சம்பளம் ஒன்று, கையில் வருவது வேறு. அல்லது சம்பளம் சரிதான், வாடகை அதைத் தின்றுவிடுகிறது. அல்லது எல்லாம் சரி, வேலைதான் தனக்கானதில்லை. போய்விடுவது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: என்ன காரணம் சொல்வது?

இந்தக் கேள்வியோடு போராடுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் தேடுகிறார்கள்: எதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்? தேட வேண்டிய இடம் அதுவல்ல என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். வேலையை விடும்போது சொல்கிற காரணம் ஒரு தகவல். கேட்பவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடிந்தால்தான் தகவலுக்கு மதிப்பு. ஆகவே எந்தக் காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லுமுன் ஒரு சோதனை போதும்: இதைக் கேட்டவர் நாளைக் காலையில் என்ன செய்வார்? செய்ய ஏதாவது இருந்தால், அதற்குத் தேவையான அளவு சொல்லலாம். ஒன்றும் இல்லையென்றால் அந்தக் காரணம் உங்களோடு இருக்கட்டும். அல்லது அதை வைத்து உண்மையிலேயே ஏதாவது செய்யக்கூடிய வேறொருவரிடம் போகட்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு சோதனையை வெவ்வேறு நிலைமைகளில் வைத்துப் பார்ப்பதுதான்.

சட்டம் கேட்காத கேள்வி

முதலில், காரணம் சொல்லியே ஆக வேண்டுமா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கடைகளுக்கும் வணிக அலுவலகங்களுக்கும் பொருந்தும் அந்தப் பிரிவு, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. முறைப்படி விசாரித்து நிரூபித்த ஒழுங்கீனத்துக்கு மட்டும் அந்த முன்னறிவிப்பு வேண்டியதில்லை. காரணம் காட்டும் சுமையைச் சட்டம் முதலாளியின் தலையில் வைத்திருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவர் தலையில் அப்படி ஒன்றை வைக்கவில்லை. போகிறவர் பார்க்க வேண்டியது தன் நியமன ஆணையை: முன்னறிவிப்பு எத்தனை நாள், தகுதிகாண் காலத்தில் அது குறைவா, ஒப்பந்தப் பிணை ஏதும் உண்டா. பெரிய இடத்தின் பலம் சிறிய ஆளின் மேல் விழும்போது கணக்குக் கேட்க வேண்டும் என்ற நியாயம்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே காரணம் சொல்வது நீங்கள் பட்ட கடனல்ல. மேசைக்கு எதிரே உட்காருமுன் இதை மனத்தில் பதித்துக்கொண்டால் குரலில் இருக்கும் பாதி நடுக்கம் போய்விடும்.

அப்படியானால் "சொந்தக் காரணம்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சட்டப்படி நிறுத்திக்கொள்ளலாம். சென்னை போன்ற நகரத்தில் அது போதும்கூட. அந்தச் சொற்கள் கூட்டத்தில் கரைந்துவிடும். கொடைக்கானல் 2011 கணக்கெடுப்பின்படி 36,501 பேர் வாழும் நகராட்சி. விடுதி மேலாளரும், பக்கத்து விடுதியின் ஓனரும், பள்ளி அலுவலகத்துக் கணக்காளரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். சேர்ந்து மூன்று மாதத்தில் ஒருவர் வாயைத் திறக்காமல் போனால், அவர் விட்டுப்போன வெற்றிடத்தை ஊர் நிரப்பிக்கொள்ளும்: காசு விஷயத்தில் ஏதோ இருக்கும், யாரோடோ தகராறாம். மலையூரில் காரணம் சொல்வதன் முதல் பயன் இதுதான். பிறர் உங்களுக்காகக் காரணம் கற்பிக்கும் வேலையை நீங்களே முடித்துவிடுகிறீர்கள். இரண்டாவது பயன் அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு. நாளை இரவுப் பணியில் யார் நிற்பது என்று பட்டியல் போட வேண்டியவருக்கு உங்கள் தகவல் தேவை.

அந்தப் பட்டியலைப் போடுகிறவருக்குக் காரணத்தைவிடத் தேதி முக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீதிமன்றமும் ஒரு வழக்கில் தேதியைத்தான் கூர்ந்து பார்த்தது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 ஆகஸ்டு 1 முதல் விலகுவதாக மே 7 அன்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குறிப்பிட்ட நாள் வராததால் விலகல் இன்னும் நிகழவில்லை, திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதியின் பதவி வேறு, விடுதி வேலை வேறு. ஆனாலும் பொதுப் பாடம் ஒன்றுதான்: விலகல் கடிதத்தில் நிலைமையை மாற்றுவது கடைசி வேலை நாள் எது என்ற வரி. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில், அறைகள் நிரம்பி வழியும் வாரத்தில் போனால், எத்தனை நேர்மையான காரணமும் துரோகமாகத்தான் கேட்கும். அதே காரணம் ஜூன் நடுவில் சாதாரணச் செய்தி. பள்ளியில் பருவத் தேர்வுக்கு முந்தின வாரமும், தோட்டத்தில் பழம் பறிக்கும் மாதமும் இப்படிப்பட்டவை. நாளைத் தள்ளிப்போட உங்கள் நிலைமை இடம் கொடுத்தால், நல்ல காரணத்தைத் தேடுவதைவிட நல்ல தேதியைத் தேடுங்கள்.

நாளைக் காலையில் என்ன செய்வார்?

இனிச் சோதனையை ஒவ்வொரு வகைக் காரணத்தின் மேலும் வைத்துப் பார்ப்போம். முதல் வகை, சரிசெய்யக்கூடிய குறை. தங்கக் கொடுத்த அறையில் ஈரம் ஊறுகிறது. பேசிய படி வரவில்லை. வார விடுமுறை சீசனில் காணாமல் போகிறது. இதைக் கேட்டவர் நாளைக் காலையில் சரிசெய்துவிட முடியும். சரிசெய்தால் இருப்பீர்கள் என்றால், அது விலகும் காரணமே இல்லை, ஒரு கோரிக்கை. கடிதம் எழுதுமுன் கேட்டுப் பாருங்கள். சரிசெய்தாலும் இருக்கப்போவதில்லை என்றால் அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். சொன்னால், "வேற ரூம் தர்றேன், இருங்க" என்பார். நீங்கள் அடுத்த காரணத்தைத் தேடுவீர்கள். அதற்கும் அவர் ஒரு வழி சொல்வார். மூன்றாவது காரணத்துக்கு வரும்போது முதல் இரண்டுமே சாக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும். எத்தனை சலுகை வந்தாலும் அசையாமல் நிற்கும் ஒரே காரணம் எதுவோ, அதுதான் உங்கள் உண்மையான காரணம். பல பேருக்குத் தாங்கள் ஏன் போகிறோம் என்பதே இப்படி யோசிக்கும்போதுதான் தெளிகிறது.

இரண்டாவது வகை, அடுத்து வருபவருக்குப் பயன்படும் உண்மை. "இரவு கணக்கு முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகும் என்று சேரும்போது எனக்குத் தெரியவில்லை" என்பதில் குற்றச்சாட்டு இல்லை, செய்தி இருக்கிறது. அடுத்த ஆளை எடுக்கும்போது மேலாளர் அதை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மூன்றாவது வகை, ஆளைப் பற்றிய தீர்ப்பு. "நீங்கள் மரியாதையாகப் பேசுவதில்லை" என்று அவரிடமே சொன்னால் நாளைக் காலையில் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், உங்கள் மேல் எரிச்சல்படுவது. அதையே அவருக்கு மேலே இருக்கும் ஓனரிடமோ பள்ளித் தாளாளரிடமோ, இன்ன நாளில் இன்ன பேர் முன்னால் இப்படிச் சொன்னார் என்று நிகழ்ச்சியாகச் சொன்னால், அவர் விசாரிக்கலாம். காரணம் ஒன்றே, ஆனால் கேட்பவர் மாறினால் அதன் பயன் மாறிவிடுகிறது. நான்காவது வகை, உங்கள் வாழ்க்கை போகிற திசை: படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தது, பிள்ளையின் பள்ளிக்காகக் கீழே குடியேறுகிறீர்கள், மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. இதில் அவர் திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்டு வேறு ஆள் பார்க்கத் தொடங்கலாம். பேச்சு அங்கேயே நல்லபடியாக முடிகிறது. இந்த வகைக் காரணம் உங்களிடம் உண்மையாகவே இருந்தால், மற்றவை எத்தனை இருந்தாலும் இதை மட்டும் சொன்னால் போதும்.

"உள்ளதை உள்ளபடி எல்லாம் கொட்டிவிட்டுப் போவதுதானே நேர்மை, கூட வேலை பார்த்தவர்களுக்காவது அது உதவாதா" என்று ஒரு மறுப்பு எழும். அதன் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை மதிக்க வேண்டும். ஆனால் சேர்ந்து மூன்று மாதமே ஆனவர் பத்துக் குறைகளை அடுக்கினால், கேட்பவர் காதில் பத்தும் விழாது. "இவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை" என்ற ஒன்றுதான் விழும். இருக்கிறவர்களுக்கு உதவ நினைத்தால், சரிசெய்யக்கூடிய ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். அதையும் நீங்கள் போவதற்கான காரணமாகச் சொல்லாமல், கடைசி வாரத்தில் தனியாக, யோசனையாகச் சொல்லுங்கள். விலகல் பேச்சோடு கலந்து சொன்னால் அது பேரமாகத் தோன்றும். கணக்கு ஒப்படைத்த பிறகு சொன்னால் அக்கறையாகத் தோன்றும்.

பொய்க்குக் கால் முளைத்தால்

வழக்கமாகக் கையில் எடுக்கப்படும் பொய்கள் மூன்று: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் கேடில்லாத பொய்தானே என்று தோன்றும். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே பொய்க்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று துணைக்கு அழைக்கலாம். ஆனால் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது: விளைகிற நன்மையில் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அம்மா நோய் என்ற பொய் என்ன விளைவிக்கிறது என்று நம் சோதனையால் பாருங்கள். கேட்டவர் நல்லவராக இருந்தால் நாளைக் காலையில் இரண்டு வாரம் லீவு தருவார், மதுரையில் தெரிந்த டாக்டர் பெயரைச் சொல்வார். கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அந்தக் காசை வாங்குவதா மறுப்பதா? பொய்யின் சிக்கல் அதன் ஒழுக்கக்கேட்டில் மட்டும் இல்லை. அது மற்றவரை வேலை செய்ய வைக்கிறது, அந்த வேலை எல்லாம் வீணாகிறது.

குளிர் என்ற பொய்க்கு ஆயுசு இன்னும் குறைவு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்மையாகவே நடக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குப் பனிக்காலம் பெரும் தொல்லை. உங்களுக்கு அது உண்மையானால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த மேலாளராலும் மாற்ற முடியாத காரணம் அது. ஆனால் குளிரைக் காட்டி விலகியவர் அடுத்த வாரம் ஏரிச் சாலையிலேயே வேறொரு விடுதியின் வரவேற்பு மேசையில் கம்பளிச் சட்டையோடு நின்றால், பொய் ஊர் முழுக்க நடந்து திரியும். உள்ளூரிலேயே வேறு இடத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் "வேறு வேலை கிடைத்திருக்கிறது" என்று சொல்லிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்த இடம், என்ன சம்பளம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எப்படியும் தெரியவரும் என்றால், மூன்றாம் ஆள் மூலம் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது மேல்.

பேச்சும் கடிதமும்

பேச்சு முதலில், கடிதம் பிறகு. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நகர்வது நகரத்து அலுவலகங்களில் செல்லும். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது முகத்தில் அடித்தது போல. ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஐந்தே வாக்கியத்தில் முடித்துவிடலாம்: "சார், ஒரு பத்து நிமிஷம் பேசணும். வேலையை விடுறதா முடிவு பண்ணிட்டேன். நான் படிச்ச அக்கவுன்ட்ஸ்லயே திண்டுக்கல்ல வேலை கிடைச்சிருக்கு. ஜூன் பதினஞ்சு வரைக்கும் இருக்கேன். யார்கிட்ட ஒப்படைக்கணும்னு சொன்னீங்கன்னா நாளைலேருந்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறேன்." முடிவு, காரணம், தேதி, ஒப்படைப்பு. "விடலாமான்னு பாக்குறேன்" என்று தொடங்கினால் முடிவு கேள்வியாகிவிடும். எதிரே இருப்பவர் பதில் சொல்லத்தான் செய்வார். கடைசி வாக்கியம் முக்கியமானது. காரணத்தைப் பற்றித் தொடரப்போகும் விவாதத்தை அது வேலையைப் பற்றிய பேச்சாகத் திருப்பிவிடுகிறது.

கடிதத்தில் இதே நான்கும் இன்னும் சுருக்கமாக வரும். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். கடந்த பிப்ரவரி 10 முதல் தங்கள் விடுதியின் வரவேற்புப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். என் படிப்பைச் சார்ந்த கணக்குத் துறையில் வேலை கிடைத்திருப்பதால் இப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். நியமன ஆணையில் கண்ட 30 நாள் முன்னறிவிப்பின்படி ஜூன் 15 என் கடைசி வேலை நாள். அதற்குள் முன்பதிவுப் பதிவேடு, ரொக்கக் கணக்கு, அறைச் சாவிகள் ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடுபவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். பாக்கிச் சம்பளம், பணி விடுவிப்புக் கடிதம், சேரும்போது நான் கொடுத்த அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தந்துதவ வேண்டுகிறேன். இங்கே வேலை கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி."

காரணத்துக்கு இதில் ஒரே வாக்கியம். கடிதம் கோப்பில் தங்கும். இன்றைய மேலாளர் போன பிறகு வருபவரும் படிப்பார். உங்களையும் அவரையும் அறியாத ஒருவர் படித்தாலும் புரிகிற, சங்கடப்படுத்தாத ஒரு வரிதான் அங்கே இருக்கலாம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வழக்கமாக இருக்கும் இடத்தில் அதிலும் அனுப்பிவையுங்கள். சம்பளப் பாக்கி பற்றிய தயக்கமும் வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, நீக்கப்பட்டவருக்கு மட்டுமின்றித் தானாக விலகியவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. காரணம் பிடித்திருந்தால் சம்பளம், பிடிக்காவிட்டால் இல்லை என்று எந்த விதியும் கிடையாது.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்மை: எத்தனை நல்ல காரணமும் நீங்கள் கையெழுத்திட்ட பிணையை அழித்துவிடாது. குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும், இல்லையேல் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விஜயா வங்கியில் சேர்ந்த அதிகாரி ஒருவர், வேறு வங்கிக்குப் போக முன்னதாகவே விலகினார். அந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் முறையையும் அதற்கு ஆகும் செலவையும் கணக்கில் கொண்டு சொன்ன தீர்ப்பு அது. நான்கு அறை வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே எழுதி வாங்கும் ஒரு லட்ச ரூபாய்ப் பத்திரமெல்லாம் தானாகச் செல்லுபடியாகும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி கேட்கக்கூடியது நியாயமான ஈடுதான். அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால், காரணத்தை மெருகேற்றுவதில் நேரம் செலவிடாமல், கடிதம் கொடுக்குமுன் அந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தவறு அந்தப் பக்கம் இருந்தால்

இதுவரை சொன்னது, வேலை ஒத்துவராததால் போகிறவர்களுக்கு. அநியாயத்தால் போகிறவர்கள் நிலைமை வேறு. சம்பளம் நிறுத்திவைக்கப்பட்டது, பாலியல் தொந்தரவு, சாதி சொல்லி இழிவு, உயிருக்கு ஆபத்தான வேலைச் சூழல்: இவற்றுக்கு நடுவிலிருந்து விலகுகிறவரிடம் "ஒரு வரியில் நன்றியோடு முடியுங்கள்" என்பது அநியாயத்துக்குத் துணைபோகும் யோசனை ஆகாதா? சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. சரியான ஆளிடம் வைக்க வேண்டும். அநியாயம் செய்தவரே கேட்பவராக இருந்தால் நாளைக் காலையில் அவர் செய்வது தடயத்தை மறைப்பதுதான். செயல்படக்கூடியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பெண்களுக்கு எதிரான பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு, அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். சம்பளப் பாக்கிக்குத் திண்டுக்கல்லில் தொழிலாளர் துறை இருக்கிறது. தோட்டங்களில் முன்பணத்தைக் காட்டி ஆளை நகரவிடாமல் வைத்திருந்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியர் அலுவலகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட நிலைமையில் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டுப் பிறகு புகார் கொடுப்பதுதான் பெரிய தவறு. எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டும் தாள் அந்தக் கடிதமாகத்தான் இருக்கும். காரணத்தை விரித்து எழுத மனமில்லை என்றால், பொய்யான காரணம் எதையும் எழுதாமல், விலகும் தேதியை மட்டும் எழுதுங்கள். நடந்தது எல்லாம் நாள், இடம், சாட்சியோடு புகாரில் வரட்டும். நடந்ததை நடந்தபோதே எழுதி வைப்பதன் அருமையை இந்த ஊர் நன்றாக அறியும். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கிடந்தது வெளிவந்த பிறகு, கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. உடல்நலப் பாதிப்புக்கு ஈடு கேட்டு முன்னாள் தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 591 பேரோடு, ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில்தான். அப்போதும் நோய்க்குத் தொழிற்சாலை காரணம் என்று ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் தருவதாகவே நிறுவனம் சொன்னது. எது எதற்குக் காரணம் என்ற கேள்விக்குப் பதினைந்து ஆண்டு கழித்துச் சான்று தேடுவது எத்தனை கடினம் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம். உடல்நலமோ பாதுகாப்போ நீங்கள் போவதற்குக் காரணமானால், மருத்துவரின் சீட்டும், மேலாளருக்கு அப்போதே எழுதிய கடிதத்தின் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த மேசையில்

காரணம் இரண்டாவது முறை கேட்கப்படுவது அடுத்த வேலையின் நேர்முகத்தில். மூன்று மாத வேலையைச் சொல்லாமல் மறைத்துவிடலாமே என்ற எண்ணம் பலருக்கு வரும். வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யும் இடத்தில் வேலை பார்த்திருந்தால் அது நடக்காது. ஒருவருக்கு ஒரே யுஏஎன் எண். எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அந்தக் கணக்கில் வரிசையாக இருக்கும். மறைத்தது தெரியவந்தால், மூன்று மாதத்தில் விலகியதைவிட மறைத்ததுதான் பெரிய விஷயமாகிவிடும்.

மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. அதே மதுரையில், 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு சுதேசமித்திரன் நாளிதழுக்குப் போனவர் சுப்பிரமணிய பாரதி. அந்தக் குறுகிய காலத்தை யாரும் குறையாக நினைப்பதில்லை. அவர் எங்கே போனார் என்பதே அதற்கு விளக்கமாகிவிட்டது. "அவர் பாரதி, நான் சாதாரண ஆள்" என்று நீங்கள் சொல்லலாம். மேதைமையை ஒதுக்கிவைத்துவிட்டு நடைமுறையை மட்டும் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். சீனிவாச இராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். தன் மனம் கணிதத்தில்தான் இருக்கிறது என்பதை மேலதிகாரியான நாராயண ஐயரிடம் அவர் மறைக்கவில்லை. நாராயண ஐயரும் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் வழி தேடினார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அடங்கிய துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் அந்தக் கணிதத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். மே மாதம் முதல் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. சேர்ந்து பதினான்கு மாதத்தில் ஒருவர் வேலையிலிருந்து நகர்ந்த கதை இது. அவரை நகர்த்தியவர்கள் அவரது மேலதிகாரிகள். உண்மையான காரணம், அதை வைத்து ஏதாவது செய்யக்கூடியவர்கள் காதில் சரியான நேரத்தில் விழுந்தது. எல்லா மேலாளரும் நாராயண ஐயர் ஆகிவிடமாட்டார்கள்தான். ஆனால் "எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கேட்ட மேலாளருக்கு, அப்படி ஆகும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

நேர்முகத்தில் கேட்கும்போது, கடிதத்தில் எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள். சொற்கள்கூட மாற வேண்டாம். புது இடத்தார் பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டால், இரண்டு முனையிலும் ஒரே விடை கிடைக்க வேண்டும். அதன்பின் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: சேருமுன் எதைக் கேட்கத் தவறினீர்கள், இந்த முறை எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். இங்கே உங்கள் எதிரே இருப்பவர்தான் கேட்பவர். நாளைக் காலையில் அவர் எடுக்க வேண்டிய முடிவு, இவரும் மூன்று மாதத்தில் போய்விடுவாரா என்பது. பழைய இடத்தின் குறைகளை எத்தனை சொன்னாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. "இரவுப் பணி எத்தனை நாள், தங்குமிடம் எது, சீசனில் விடுமுறை எப்படி என்று இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன், அதனால்தான் வந்திருக்கிறேன்" என்ற வாக்கியத்தில் கிடைக்கும்.